மோட்டார் போடத் தெரியுமா?

ஜூன், ஜூலை வந்துட்டாப் போதும்... சென்னையில ரெண்டு கூட்டம் ஜாஸ்தியாகிடும். ஒண்ணு, தண்ணி லாரி. இன்னொண்ணு, முதுகுல பேக், கையில பக்கெட், கண்ணுல கலக்கத்தோட டு-லெட் போர்டைத் தேடித் தெருத்தெருவா அலையுற நம்ம ஆளுங்க! காலேஜுக்கு வந்தவங்க, இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவங்க, ஆஃபர் லெட்டரை ஃபைல்ல பத்திரமா வச்சுக்கிட்டு வேலைக்கு வந்தவங்கன்னு இதுல பல வெரைட்டி. ஆனா எல்லாருக்கும் ஊர்ல கிடைக்கிற அட்வைஸ் மட்டும் ஒண்ணே ஒண்ணுதான். 'மொதல்ல ஒரு வீட்டைப் பாரு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் தானா கிடைப்பாங்க!'

ஸாரி பெரியப்பா... நாங்க பார்த்த சென்னையில அது அப்படியே உல்டா! மொதல்ல மனுஷங்க. அப்புறம்தான் வீடு. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

இந்த வருஷம் எங்க காலேஜ்ல, 'தேர்டு இயருக்கு ஹாஸ்டல்ல இடமில்லை. வெளியில பார்த்துக்கோங்க'ன்னு கையை விரிச்சுட்டாங்க. ஸோ, ரெண்டு வருஷமா ஒரே ரூம்ல, ஒரே பக்கெட்டுக்கு அடிச்சுக்கிட்டுக் கிடந்த நாங்க மூணு பேர் சேர்ந்து வீடு தேட ஆரம்பிச்சோம். எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர் பேர்தான். அதனால இந்தப் பக்கத்துலயும் அப்படியே வச்சுக்குவோம். நான், சங்கரன்கோவில். மத்த ரெண்டு பேர், தேனி அண்ட் ஆம்பூர்.

மேப்பை விரி... ரூட்டைப் பிடி!

தெற்கத்தி ஆளுங்களுக்கு சென்னை இப்ப கிளாம்பாக்கத்துலயே ஆரம்பிச்சுடுது. 2023 டிசம்பர் 30-ம் தேதி அங்க புது பஸ் முனையத்தைத் திறந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி, 'அப்பாடா, மெட்ராஸ் வந்தாச்சு'ன்னு சோம்பல் முறிப்பீங்க பாருங்க... நோ சான்ஸ்! அங்கேருந்து திருவல்லிக்கேணி போக இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. கிட்டத்தட்ட எங்க ஊர்ல இருந்து ராஜபாளையம் போற தூரம். ஊருக்குள்ளயே ஒரு வெளியூர்!

அதனால வாடகை கம்மின்னு எங்கயோ ஒரு மூலையில போய் விழுந்தீங்கன்னா, மிச்சம் பிடிச்ச காசு ஷேர் ஆட்டோவுக்கும், மிச்சம் பிடிக்க முடியாத நேரம் சிக்னலுக்கும் போயிடும். எங்க தேனி ஒரு வேலை பண்ணினா. காலேஜ் எங்க இருக்குன்னு பேப்பர்ல ஒரு புள்ளி வச்சா. அந்தப் பக்கம் எந்த ரயில் போகுதோ அந்தக் கோட்டை வரைஞ்சா. அந்தக் கோட்டுல இருக்குற ஒவ்வொரு ஸ்டேஷன்ல இருந்தும் பதினஞ்சு நிமிஷம் நடந்தா எது வரைக்கும் போகலாமோ, அதுக்குள்ள மட்டும்தான் வீடு தேடறதுன்னு ரூல் போட்டுட்டா.

கோடுகள் நிறைய இருக்கு பாஸ். பீச்சுல இருந்து தாம்பரம், செங்கல்பட்டுன்னு போற மின்சார ரயில். 1995-ல சேப்பாக்கம் வரைக்கும் வந்து, 2007-ல வேளச்சேரி வரைக்கும் நீண்ட பறக்கும் ரயில். 2015-ல ஓட ஆரம்பிச்ச மெட்ரோ. இதுபோக, சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கற திட்டம் 2021 மே மாசம் வந்தது. 'பிங்க் பஸ் வருதா'ன்னு கண்ணைச் சுருக்கிப் பார்க்குற கலையை நாங்க ஒரே வாரத்துல கத்துக்கிட்டோம்.

இன்னொரு ரூல், எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க சொன்னது. வீட்டை வெயில் காலத்துல பார்த்தாலும் கேள்வியை மழைக் காலத்துல இருந்து கேளு! '2015 டிசம்பர்ல இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023 டிசம்பர் புயலப்போ?' இதை ஓனர்கிட்ட கேட்காதீங்க, 'சொட்டுத் தண்ணி நிக்காதும்மா' அப்படின்னுடுவார். எதிர்க் கடைக்காரர்கிட்ட கேளுங்க. முழங்காலைத் தொட்டுக் காட்டுறாரா, இடுப்பைத் தொட்டுக் காட்டுறாரான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

மேன்ஷனா, பி.ஜி.யா, தனி வீடா?

பசங்களுக்கு திருவல்லிக்கேணி மேன்ஷன்னு ஒரு தனி உலகமே இருக்கு. ஒரு கட்டில், ஒரு ஃபேன், வராண்டா கடைசியில பொது பாத்ரூம், படியிறங்கினா மெஸ். வேலை தேடி மெட்ராஸ் வந்த எத்தனையோ தலைமுறைக்கு அதுதான் மொதல் அட்ரஸ். எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் இப்ப அங்கதான் இருக்கான். 'ரூம்ல காத்து வராது. ஆனா கடன் கேட்டா நாலு கதவு திறக்கும்'ங்கறான்.

பொண்ணுங்களுக்கு ஹாஸ்டல், பி.ஜி. இங்க ஒரு முக்கியமான மேட்டர். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த தமிழ்நாட்டுல 2014-லயே ஒரு சட்டம் வந்துடுச்சு. அதன்படி மாவட்ட கலெக்டர்கிட்ட லைசென்ஸ் வாங்காம பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. ஸோ, அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி 'லைசென்ஸ் இருக்கா மேடம்?'னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. அவங்களும் சிரிச்சுக்கிட்டே எடுத்துக் காட்டினா ஓ.கே. சிரிப்பு பாதியிலயே நின்னுச்சுன்னா அப்படியே அபவுட் டர்ன்! வேலைக்குப் போற அக்காக்களுக்கு அரசாங்கமே 'தோழி'ங்கற பேர்ல விடுதிகள் நடத்துது. 2023-ல திறந்த தாம்பரம் விடுதி அதுல ஒண்ணு.

தனி வீட்டுல சுதந்திரம் உண்டு. கூடவே கேஸ், மோட்டார், குப்பை, கரப்பான்பூச்சியும் உண்டு. கரன்ட் பில் விஷயத்துல உஷார். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீங்கறது 2016-ல வந்தது. ஆனா ஓனர் ஒரே இணைப்புல சப்-மீட்டர் மாட்டி வச்சு, யூனிட்டுக்கு இவ்வளவுன்னு அவரே ரேட் போட்டு வாங்கினா, அந்த ஃப்ரீ நம்ம பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அதனால 'வாடகை எவ்வளவு?'ங்கறது பாதிக் கேள்விதான். 'கரன்ட்டுக்கு யூனிட் எவ்வளவு? தண்ணிக்குத் தனியா எவ்வளவு? மெயின்டனன்ஸ் எவ்வளவு?' எல்லாத்தையும் கூட்டினாத்தான் முழு வாடகை.

அட்வான்ஸ் அல்ஜீப்ரா!

'வாடகை பன்னெண்டாயிரம். அட்வான்ஸ் பத்து மாசம்.'

இந்த ரெண்டு வாக்கியத்தை ஓனர்கள் எல்லாம் ஒரே மூச்சுல சொல்றாங்க, ஏதோ பிறக்கும்போதே மனப்பாடம் பண்ணின மாதிரி! லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு எங்க மூணு பேர் வீட்டுல எங்க போவாங்க? இதுல புரோக்கருக்கு ஒரு மாச வாடகை வேற.

தேனிதான் சட்டத்தைத் தோண்டி எடுத்தா. தமிழ்நாட்டுல வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் உரிமை, பொறுப்புகளை ஒழுங்குபடுத்தற சட்டம்னு ஒண்ணு 2017-ல போட்டாங்க. 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. ஒப்பந்தம் எழுத்துலதான் இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, காலி பண்ணினா ஒரு மாசத்துக்குள்ள பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரணும், சண்டை வந்தா தண்ணி, கரன்ட்டை நிறுத்தக் கூடாதுன்னு எல்லாம் அதுல இருக்கு.

உடனே விசில் அடிச்சுடாதீங்க. அட்வான்ஸ் பத்திச் சொல்ற இடத்துல ஒரு சின்ன சந்து இருக்கு. 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர'ன்னு அர்த்தம் வர்ற ஒரு வரி. அதாவது பத்து மாசம் தர்றேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் சட்டத்தைக் காட்டி வாதாட முடியாது. ஸோ, பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னாடி, பின்னாடி இல்ல. பத்துன்னு சொன்னவங்களை சட்டத்தைப் பத்திப் பணிவாப் பேசியே ஆறு வரைக்கும் இறக்கினோம். பணிவு முக்கியம் பாஸ்! சட்டத்தை நாம சண்டையாப் பேசினா, 'வக்கீல் புள்ளைங்களுக்கு வீடு கிடையாது'ன்னு கேட்டைச் சாத்திடுவாங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் காசு சம்பந்தப்பட்ட பிரச்னை. அதுக்குக் கணக்கு உண்டு. கணக்கே இல்லாத ஒரு பிரச்னை இனிமேத்தான்.

இன்டர்வியூ போர்டு

கேம்பஸ் இன்டர்வியூவுல கூட இத்தனை ரவுண்டு இருக்காது. 'மூணும் பொண்ணுங்களா? அப்பா, அம்மா வந்து தங்குவாங்களா? பசங்க வருவாங்களா? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? போன்ல சத்தமாப் பேசுவீங்களா? துணி எங்க காயப் போடுவீங்க?' எல்லாத்துக்கும் நாங்க 'இல்ல ஆன்ட்டி', 'சரிங்க ஆன்ட்டி', 'உள்ளயேதான் ஆன்ட்டி'ன்னு பாஸ் மார்க் வாங்கிடுவோம். அடுத்த ரவுண்டுதான் ஃபைனல். 'எந்த ஊரும்மா?'

நான் 'சங்கரன்கோவில்'னு சொன்னதும் ஒரு வீட்டு ஆன்ட்டி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. 'ஆடித்தபசுக்கு வரணும்னு ரொம்ப நாள் ஆசைம்மா!' கோமதி அம்மன் புண்ணியத்துல காபி கூட வந்துச்சு. அடுத்தவ, 'ஆம்பூர்'னா. காபி டம்ளர் பாதி வழியில நின்னுடுச்சு. 'பேரு என்னம்மா?' சொன்னா. 'ஓ...'

அந்த 'ஓ'வுக்கு ஒரு நீளம் உண்டு. ரெண்டு செகண்ட்தான் இருக்கும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் ரொம்ப மரியாதையான வாக்கியங்கள். 'நாங்க வெஜிடேரியன்ம்மா... தப்பா எடுத்துக்காதீங்க.' 'எங்க மாமியார் பழைய காலத்து மனுஷி.' 'நேத்துதான் இன்னொருத்தங்க டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாங்க, மறந்தே போச்சு.'

காமெடி என்னன்னா, பிரியாணிக்கு ஆம்பூர் எவ்வளவு ஃபேமஸோ, தெற்குப் பக்கம் எங்க சங்கரன்கோவிலும் அவ்வளவு ஃபேமஸ். எங்க மூணு பேர்ல கோழியைப் பார்த்தா முதல்ல பாயறது நான்தான். ஆம்பூருக்குத் தயிர் சாதம் இருந்தாப் போதும். ஆனா யாரும் என்கிட்ட 'நீ என்ன சாப்பிடுவே?'ன்னு கேட்கலை. கேள்வி சாப்பாட்டைப் பத்தினது இல்லைன்னு அப்பதான் உறைச்சுது.

அவகிட்ட மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்காதீங்க. 'நீங்க என்ன ஆளுங்க?'ன்னு நேரா ஜாதியைக் கேட்ட வீடும் உண்டு. நேராக் கேட்கக் கூச்சப்பட்டு, 'அப்பா என்ன பண்றார்? ஊர்ல எந்தத் தெரு?'ன்னு சுத்தி வளைச்சுக் கேட்ட வீடும் உண்டு. தெருப் பேரைச் சொன்னா ஜாதியைக் கண்டுபிடிச்சுடலாம்ங்கறது நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லியா தரணும்?

இதெல்லாம் எங்க ராசின்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். அப்புறம் லைப்ரரியில ஒரு கட்டுரை கண்ணுல பட்டுச்சு. பொருளாதாரப் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவரோட குழுவும் டெல்லியையும் சுத்தியிருக்குற ஊர்களையும் எடுத்துக்கிட்டு ஆய்வு பண்ணி, 2015-ல 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில எழுதினது. வாடகை வீடு தேடுற மாதிரி போன்லயும் நேர்லயும் விசாரிச்சிருக்காங்க. மேல்ஜாதிப் பேரோட போனவங்களுக்குத் தடங்கல் இல்லை. தலித்களுக்கு மறுப்பும் கூடுதல் கண்டிஷன்களும். முஸ்லிம்களுக்கு அதைவிட ஜாஸ்தி. படிச்சு முடிச்சதும் ஆம்பூர் சொன்னா, 'பரவாயில்லையே... அந்த ஓ-வை ரிசர்ச்சே பண்ணியிருக்காங்க!'

சரி, சட்டம் என்ன சொல்லுது? தேனி மறுபடியும் அந்த 2017 சட்டத்தைத் தலைகீழாப் புரட்டினா. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, ரிப்பேர் யார் செலவுன்னு எல்லாம் இருக்கு. பேரைக் கேட்டு வீடு இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி... ம்ஹூம்!

'கெஸ்ட்டுன்னு சொல்லிடலாம்!'

ரெண்டு வாரத்துல பதினோரு வீடு. பன்னெண்டாவதா புரோக்கர் அண்ணன் ஒரு சூப்பர் வீடு காட்டினார். ரெண்டாவது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி, ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷ நடை. ஓனர் வெளிநாட்டுல. எல்லாத்தையும் பேசி முடிச்சுட்டு, ஆம்பூர் பால்கனியை ரசிச்சுக்கிட்டிருந்த நேரமாப் பார்த்து எங்க ரெண்டு பேரையும் ஓரமாக் கூப்பிட்டார். 'அக்ரிமென்ட்ல உங்க ரெண்டு பேர் பேரை மட்டும் போட்டுடலாம். அந்தப் பொண்ணு பாட்டுக்கு இருக்கட்டும். யாராவது கேட்டா கெஸ்ட்டுன்னு சொல்லிடலாம். எல்லா இடத்துலயும் நடக்குறதுதாம்மா!'

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிஞ்ச வழியில எங்களுக்கு உதவிதான் பண்ணினார். ஆனா பால்கனிக்குக் காது உண்டுபோல. ஆம்பூர் திரும்பி வந்து, கோபமே இல்லாம கேட்டா, 'அண்ணே, மூணுல ஒரு பங்கு வாடகை நான் தரணும். மூணுல ஒரு நாள் நான் சமைக்கணும். என் வீட்டுல நான் எதுக்குண்ணே கெஸ்ட்டு?'

புரோக்கர்கிட்ட பதில் இல்லை.

அன்னைக்கு ராத்திரி அவ எங்ககிட்ட, 'நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்டை எடுத்துக்கோங்கடி. நான் பி.ஜி. பார்த்துக்கறேன். உங்க படிப்பும் கெடுது'ன்னா. தேனி ஒண்ணும் பேசலை. தன்னோட நோட்டை எடுத்து, வீட்டுக்கான கண்டிஷன்னு நம்பர் போட்டு எழுதி வச்சிருந்த பக்கத்தைத் திறந்தா. ஒண்ணு, ஸ்டேஷன் பக்கம். ரெண்டு, தண்ணி. மூணு, வாடகை. எல்லாத்தையும் அடிச்சுட்டு மேல புதுசா எழுதினா... 'ஒண்ணு, மூணு பேர்.' அவ்வளவுதான் மீட்டிங். அடுத்த மூணு வாரம் நாங்க மூணு பேரும் ஒரு பி.ஜி.யில ஒரு கட்டிலும் ரெண்டு பாயுமாக் காலத்தை ஓட்டினோம். மாசச் செலவு எகிறிச்சு. இன்டர்னல் டெஸ்ட்டுல மார்க் இறங்கிச்சு. ஆனா அந்தப் பால்கனியைப் பத்தி யாரும் பேசவே இல்லை.

இஸ்திரி வண்டி நெட்வொர்க்

டு-லெட் போர்டு, புரோக்கர், ஆப் எல்லாத்துலயும் பல்பு வாங்கினதுக்கு அப்புறம்தான் அந்த உண்மை புரிஞ்சுது. போர்டு மாட்டற வீடு, தெரியாத ஆளுங்களுக்காக மாட்டற வீடு. தெரியாத ஆளைப் பார்த்தா எல்லாருக்கும் பயம். பயத்துலதான் பேரையும் ஊரையும் கேட்கறாங்க. அப்போ நாம என்ன பண்ணணும்? தெரிஞ்ச ஆளா மாறணும்!

எப்படி மாறறது? ஊருக்குள்ள ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போறதுதான் வழி. எங்களுக்கு அது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல திறந்தது. அங்க சொந்தப் புத்தகத்தைக் கொண்டு போய்ப் படிக்கறதுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. போட்டித் தேர்வுக்குப் படிக்கற அக்கா, அண்ணன்கள் காலையிலயே வந்து இடம் பிடிச்சுடுவாங்க. பி.ஜி. ரூம்ல உட்கார இடமில்லாம நாங்களும் தினம் போக ஆரம்பிச்சோம். மொதல் வாரம் சிரிப்பு. ரெண்டாவது வாரம் 'இந்த இடத்தைப் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறேன்.' மூணாவது வாரம் டீ!

ஆம்பூர்கிட்ட அப்படி டீ குடிக்கப் பழகினவங்கதான் குரூப்-2-க்குப் படிக்கற ஒரு அக்கா. திருவல்லிக்கேணியில குடியிருக்காங்க. எங்க கதையைக் கேட்டுட்டு, 'போர்டைப் பார்த்து யாராவது வீடு தேடுவாங்களா? எங்க தெருவுக்கு வாங்க, இஸ்திரி அண்ணனைக் கேட்போம்'னாங்க. ஆமா பாஸ்... ஒரு தெருவுல யார் காலி பண்றாங்க, யார் வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம், எந்த ஓனர் முசுடு, எந்த ஓனர் தங்கம்னு முழு டேட்டாபேஸும் இஸ்திரி வண்டியிலதான் இருக்கு. பேக்கப் எடுக்கணும்னா தண்ணி கேன் போடற தம்பியையும், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தாத்தாவையும் கேளுங்க.

இஸ்திரி அண்ணன் கையில பெட்டியை வச்சுக்கிட்டே, 'அந்த மாடி வீட்டம்மா இருக்காங்க. போர்டு மாட்ட மாட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க'ன்னார்.

அந்த அம்மாவுக்கு வயசு எழுபதைத் தாண்டியிருக்கும். வாசல்ல வத்தல் காயப் போட்டு, காக்கா விரட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. நாங்க வழக்கம்போல 'காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் ஆன்ட்டி'ன்னு ஆரம்பிச்சு, எல்லா ரவுண்டுக்கும் ரெடியா நின்னோம். அவங்க கேட்டது ஒரே கேள்வி. 'மோட்டார் போடத் தெரியுமா?'

'தெரியும் ஆன்ட்டி.'

'எல்லாருக்கும் போடத் தெரியும். நிறுத்தத் தெரியுமா? போன தடவை இருந்ததுங்க போட்டுட்டுத் தூங்கிப் போச்சுங்க. டேங்க் வழிஞ்சு என் வத்தல் பூரா நனைஞ்சுது!'

நிறுத்திடுவோம்னு சத்தியம் பண்ணினோம். உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. என் பேரை எழுதினாங்க. தேனி பேரை எழுதினாங்க. ஆம்பூர் பக்கம் திரும்பினதும் எங்க மூணு பேருக்கும் மூச்சு நின்னுடுச்சு. அவ பேரைச் சொன்னா. அந்த அம்மா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டு, 'இதுக்கு எந்த 'ந'ம்மா வரும்? சொல்லு, தப்பா எழுதிடப் போறேன்'னாங்க.

'ஓ' வரலை. ஆம்பூர் எழுத்துக் கூட்டிச் சொன்னா. குரல் கொஞ்சம் தடுமாறிச்சு. அந்த அம்மா அதைக் கவனிக்கலை. காக்கா வத்தல் பக்கம் வந்துடுச்சு!

அட்வான்ஸ் ஆறு மாசம்னாங்க. தேனி பணிவா சட்டம் பேசி, பேரம் நாலுல வந்து நின்னுச்சு. ஆளுக்குப் பதினாறாயிரம். அக்ரிமென்ட்ல மூணு பேர் பேரும் இருக்கு.

இப்போ எங்க வீடு எப்படி?

மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. மதியம் மூணு மணிக்கு உள்ளே இருந்தா இட்லி மாதிரி வெந்துடலாம். பால்கனி கிடையாது. ஆனா பறக்கும் ரயில் ஸ்டேஷன் நடக்குற தூரம். ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், இன்னொரு பக்கம் 1795-ல கட்டின வாலாஜா மசூதி. அங்க ரம்ஜான் மாசத்துல நோன்பு திறக்க வர்றவங்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துக்கள் பல வருஷமா சாப்பாடு பரிமாறிக்கிட்டிருக்காங்க. இந்த ஊர் வெறும் 'ஓ' மட்டும் இல்லைங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

புது ஊர் எப்ப நம்ம ஊராகுதுன்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் இதுதான். அவசரத்துக்கு ஒரு சாவியை யார்கிட்ட கொடுத்துட்டுப் போகலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கடையில நாலு கறிவேப்பிலை சும்மா கிடைக்கணும். காய்ச்சல்னா, வீட்டுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கணும். மூணும் எங்களுக்கு வந்தாச்சு. சாவி, கீழ் வீட்டு அம்மாகிட்ட. கறிவேப்பிலை, மார்க்கெட் அக்காகிட்ட. கதவு, குரூப்-2 அக்காவோடது.

புதுசா வர்ற ஜூனியர்ஸ், இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது ரெண்டே ரெண்டுதான். யார் கூட இருக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் எங்கேன்னு தேடுங்க. ஒருத்தரைக் கழிச்சாத்தான் வீடுன்னா, அந்த வீட்டைக் கழிச்சுடுங்க.

சீனியர்ஸுக்கு ஒரு ரிக்வெஸ்ட். ரூமைக் காலி பண்ணும்போது அந்த வீட்டுல போர்டு ஏற விடாதீங்க. வீடு கிடைக்கக் கஷ்டப்படற ஒரு ஜூனியர் எப்படியும் இருப்பாங்க. அவங்களைக் கையோட கூட்டிட்டுப் போய், 'இவங்க நம்ம பசங்க ஆன்ட்டி'ன்னு ஓனர்கிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. எந்த ஆப்லயும் கிடைக்காத ஃபில்டர் அது.

இன்னும் பத்து, பதினஞ்சு வருஷத்துல நம்மள்ல நிறையப் பேர் ஈ.எம்.ஐ. கட்டி வீடு வாங்கியிருப்போம். நாமளும் ஹவுஸ் ஓனர் ஆவோம். அன்னைக்கு நம்ம வாசல்லயும் மூணு பொண்ணுங்க பேக்கோட வந்து நிப்பாங்க. அப்ப என்ன கேட்கப் போறோம்ங்கறதை இப்பவே முடிவு பண்ணி வச்சுக்குவோம் மக்களே. மோட்டார் போடத் தெரியுமா... போட்டா நிறுத்தத் தெரியுமா? அது போதும்!

(அடுத்த வாரம்: மூணு பேர், ஒரு குக்கர், ஏழு நாள்!)